மக்கும் பையின் மகத்துவம்

சில வருஷங்களாகக் கடைத்தெருவில் ஒரு புதிய மகத்துவம் கிளம்பியிருக்கிறது. பையின் மேல் ஒரு பச்சை இலைப் படம். அதன் கீழ் "இது மக்கும்" என்று இரண்டு வார்த்தை. இதைக் கண்டதும் கடைக்காரர் அதிக விலை கொடுத்து வாங்கி வைக்கிறார். வாங்கிப் போகிறவரோ, கங்கையில் முழுகிப் பாவம் தீர்ந்தவர்போல், அந்தப் பையைக் கூசாமல் சாக்கடையில் எறிகிறார். எந்த இடத்தில் மக்கும், எத்தனை நாளில் மக்கும், யார் சோதித்துப் பார்த்தார்கள் என்று கேட்பாரைக் காணோம். கேட்டால், "சோளத்தில் செய்ததய்யா, மக்காமல் என்ன செய்யும்?" என்று பதில் வருகிறது.

சோளத்தில் செய்ததாகவே இருக்கட்டும். மக்காச்சோள மாவைச் சர்க்கரையாக்கி, அதை நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்க வைத்து, தயிரைப் புளிக்கச் செய்கிற அதே லாக்டிக் அமிலத்தை எடுத்து, அதைச் சங்கிலியாகக் கோத்துச் செய்வதுதான் பாலிலாக்டிக் அமிலம் என்கிற பிளாஸ்டிக். இது மக்கும் என்பது பொய்யல்ல. ஆனால், ஈரமும் காற்றும் சுமார் 58 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமும் விடாமல் இருக்கிற பெரிய உரக்கிடங்கில்தான் அது ஒழுங்காக மக்கும். நமது நாட்டில் மக்கும் பிளாஸ்டிக்குக்கு ஐ.எஸ். 17088 என்று ஒரு தரவிதி இருக்கிறது. அதுவும் இந்த உஷ்ணத்தில் வைத்துத்தான், 180 நாளைக்குள் சரக்கிலுள்ள கரியில் நூற்றுக்கு 90 பங்கு கரியமில வாயுவாக மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லுகிறது. சாக்கடைக்கும் கடலுக்கும் 58 டிகிரி எங்கிருந்து வரும்?

இங்கிலாந்தில் பிளிமத் சர்வகலாசாலையார் இதை வீண் வாதமாக வைத்துக் கொள்ளாமல், பைகளை மண்ணில் புதைத்தும், கடலில் முக்கியும், வெளியில் தொங்கவிட்டும் பார்த்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். மக்கும் என்று அச்சடித்த ஒரு பை மூன்று வருஷம் மண்ணில் கிடந்த பிறகும் கடைச் சாமான் முழுவதையும் சுமந்தது! வேறொரு பை கடலில் மூன்று மாதத்தில் மறைந்து போயிற்று. ஆனால் அதே பை மண்ணில் 27 மாதம் கழித்தும் கிடந்தது, பாரம் தாங்கவில்லை என்பதுதான் வித்தியாசம். இடம் மாறினால் மக்குவதும் மாறுகிறது என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

இன்னொரு பெரும் புரட்டு, சாதாரண பிளாஸ்டிக்கில் உலோக உப்பைக் கலந்து "தானே மக்கும்" என்று விற்பது. அது மக்குவதில்லை, நொறுங்கித் தூளாகிறது. கண்ணுக்குத் தெரியாமற் போனால் இல்லாமற் போயிற்று என்று அர்த்தமா? ஐரோப்பிய யூனியனில் 2021 ஜூலை முதல் இந்தச் சரக்கை விற்கவே கூடாதென்று தடுத்து விட்டார்கள்.

நிற்க, "செடியில் பிறந்தது நல்லது, எண்ணெயில் பிறந்தது கெட்டது" என்ற பேச்சைச் சற்றுப் பார்ப்போம். பிரேசிலில் 2010 முதல் கரும்புச் சாராயத்திலிருந்து பாலிதீன் செய்கிறார்கள். பிறப்பு கரும்பில்தான், ஆனாலும் அது மற்ற பாலிதீனைப் போலவே மக்காது. பி.பி.ஏ.டி. என்பதோ பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அது உரக்கிடங்கில் மக்குகிறது. பிறப்பைக் கேட்டு யோக்கியதை சொல்லும் பழக்கம் மனிதரோடு நிற்காமல் பிளாஸ்டிக் வரைக்கும் வந்து விட்டது!

நார் கலந்த பலகைகளின் சங்கதியும் இதுதான். சணல், தேங்காய் நார், வாழை நார் ஆகியவற்றைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்தால் எடை குறைகிறது; அதற்காக மோட்டார்க் கதவின் உட்பலகைகளில் இதை உபயோகிக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் நார் மக்குவதால் பலகையும் மக்கிவிடாது. கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை செய்த டிராபான்ட் வண்டியின் மேல்தகடு பஞ்சுக் கழிவும் பீனால் பிசினும் சேர்ந்தது. பிசினோ பழைய பேக்லைட் சுவிட்சின் இனம். ஒரு தரம் இறுகினால் மறுபடி உருகாது. 30 லட்சம் வண்டிகளுக்கு மேல் செய்து தீர்த்த பிறகு, துருவும் பிடிக்காத, மக்கவும் மக்காத அந்தத் தகட்டை என்ன செய்வதென்று திண்டாடினார்கள்.

"நம் முன்னோர் இதெல்லாம் தெரிந்துதான் வாழையிலையில் உண்டார்கள்" என்று சிலர் இந்தச் சமயத்தில் புறப்படுவார்கள். அவர்கள் இலையில் உண்டது இலைதான் கிடைத்தது என்பதற்காக. இலை மக்கும் என்பதற்கு முன்னோர் சாட்சி தேவையில்லை; ஒரு மாதம் குப்பைக்குழியில் போட்டுப் பார்த்தால் போதும்.

2022 ஜூலை 1-ந் தேதி முதல் ஒரு தரம் உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்கள் பலவற்றைச் சர்க்கார் தடுத்தபோது, மக்கும் பிளாஸ்டிக்குக்கு விலக்குக் கொடுத்தார்கள். விலக்குக் கொடுத்தது சரி. மக்க வைக்கும் கிடங்கு எத்தனை ஊரில் கட்டினார்கள்? கிடங்கில்லாத ஊரில் இந்தப் பையும் மற்றப் பையும் ஒரே மேட்டில்தான் விழுகின்றன. அங்கே முகமூடிகூடச் சரியாகக் கிடைக்காமல் கையால் பிரிக்கிற துப்புரவுத் தொழிலாளி, கண்ணாடி போலிருக்கும் இரண்டு டம்ளரில் எது சோளம், எது எண்ணெய் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? தவறிச் சேர்ந்து விட்டால் உருக்கி எடுக்கிற நல்ல பிளாஸ்டிக்கும் கெடுகிறது. அந்த நஷ்டமும் கடைசியில் பொறுக்கி விற்கிறவர் கூலியில்தான் விடிகிறது.

ஆகவே, அடுத்த தடவை கடைக்காரர் பச்சை இலைப் பையை நீட்டும்போது, அதை மக்கவைக்கும் கிடங்கு நம் ஊரில் எங்கே இருக்கிறது, அல்லது விற்றவரே திரும்ப வாங்கிக் கொள்வாரா என்று கேளுங்கள். பதில் வருகிற வரைக்கும் வீட்டிலிருக்கும் துணிப்பையைக் கொண்டு போங்கள்.