பறைக்கும் நம் மேடையில் இடம் வேண்டும்

புதிதாகக் கிளம்பும் இசைக்குழு ஒன்றின் முதல் இசைத்தொகுப்பைக் கேட்பதில் தனி இன்பம் உண்டு. சினிமாப் பாட்டில் கதாநாயகனுக்காக வேறொருவர் பாடுகிறார். இங்கோ பாடுகிறவர்கள் தம் வாழ்வைத் தாமே பாடுகிறார்கள். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் சென்னைக் குழுவின் முதல் தொகுப்பாகிய 'மகிழ்ச்சி'யைப் பற்றி இவ்விதழில் எழுத நாங்கள் விரும்பியதற்கு அது ஒரு காரணம். மற்றொரு காரணம் அக்குழுவின் பறை.

திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடை ஏறியது. பெயர் ஆங்கிலமாயினும் கருத்து நம்முடையதே. 'சாதி பேதமற்ற தமிழர்' என்று அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) வழங்கிய சொல்லிலிருந்து வந்தது அது. வடசென்னைத் தெருக்களில், பெரும்பாலும் இறந்தவர் வீட்டு வாசலில் பாடப்பட்டு வந்த கானாவை இவர்கள் கிதாருக்கும் டிரம்சுக்கும் ராப்புக்கும் பக்கத்தில் சரிசமமாக நிறுத்தினார்கள்.

மேலைநாட்டிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1970-களின் இறுதியில் இங்கிலாந்தில் 'நியூ வேவ்', அதாவது புதிய அலை, எழுந்த காலத்தில் கவன்ட்ரி நகரத்துக் கறுப்பு இளைஞரும் வெள்ளை இளைஞரும் ஒரே குழுவாய் நின்றனர். 'தி ஸ்பெஷல்ஸ்' என்ற பெயரில் 1979-இல் தங்கள் முதல் தொகுப்பை வெளியிட்டனர். ஜமைக்காத் தீவின் ஸ்கா தாளத்தைக் கைக்கொண்டு, நிறவெறியை எதிர்த்து நின்றவர்கள் அவர்கள். காலை ஆடவைக்கும் தாளத்தில் கசப்பான உண்மையைச் சொல்லும் வழி அது. 'மகிழ்ச்சி'யும் அவ்வழியே நடக்கிறது. பாடல்கள் எல்லாம் எல்லோருக்கும் உவப்பாக இரா. சில வரிகள் பெரியவர்களை முகம் சுளிக்க வைக்கும். அது தெரிந்தேதான் பாடியிருக்கிறார்கள்.

19 பேருடன் தொடங்கிய அக்குழுவில் ஒரே பெண், இராயபுரத்து இசைவாணி. கானா ஆண்களுக்கே உரியது என்றிருந்த வழக்கத்தை மீறியவர். 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் பேதம் இல்லை என்று பாடும் மேடையில் 18 ஆண்களுக்கு ஒரு பெண் என்பது எங்களுக்குக் குறையாகவே படுகிறது.

இனிப் பறைக்கு வருவோம். சீர்காழியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பறை கேட்டவுடன் "யார் வீட்டில்?" என்றுதான் கேட்கிறோம். வாசித்தவரின் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்திருக்கிறது. நம் வயல்நாடாகிய மருதத்துக்கு உரிய பறைகள் எவை தெரியுமா? நெல்லரிகிணையும் மணமுழவும். ஒன்று அறுவடைக்கு, மற்றொன்று திருமணத்துக்கு! அறுப்புக்கும் கல்யாணத்துக்கும் முழங்கியதைச் சாவுக்கென்று தள்ளி, முழக்கியவரையும் ஊருக்கு வெளியே தள்ளியது பறையின் குற்றமன்று.

ஞானசம்பந்தர் பிறந்த இவ்வூருக்கு இது விளங்காத செய்தியும் அன்று. அவர் பதிகங்களை யாழில் இசைத்தபடி உடன் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரும் துணைவியார் மதங்கசூளாமணியும், தாழ்ந்தோர் என்று கருதப்பட்ட பாணர் குலத்தவர். சாத்தமங்கையில் திருநீலநக்கர் அவ்விருவருக்கும் தம் வீட்டு வேள்வித் தீயின் அருகிலேயே இரவு தங்க இடம் தந்தார் என்கிறது பெரியபுராணம்.

திருச்சபையும் பின்தங்கிவிடவில்லை. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்கச் சொன்னது. கிதாரும் கீபோர்டும் நம் பாடகர் குழுவுக்குள் வந்துவிட்டன. பறை இன்னும் வாயிற்படியிலேயே நிற்கிறது. கன்னியர் மடத்தால் இது ஆகிற காரியமா என்று ஐயுறுவோர் திண்டுக்கல்லைப் பார்க்கலாம். அங்கே அருட்சகோதரி சந்திரா நிறுவிய சக்தி கலைக்குழுவில் ஒடுக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த பெண்களே பறையைத் தோளில் மாட்டி, ஆடிக்கொண்டே வாசிக்கிறார்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோ ஷெரினியன் அவர்களைப் பற்றி ஆவணப்படமே எடுத்திருக்கிறார்.

ஆகவே எங்கள் விண்ணப்பம் இது. அடுத்த ஆண்டுவிழாவில் பறையாட்டம் இடம்பெற வேண்டும். பதிவுசெய்த பாட்டை ஓடவிட்டு ஆடுவது போதாது. மாணவியரே வாசிக்க வேண்டும். கற்பிக்கப் பறைக் கலைஞர் ஒருவரை அழைத்து, பரதநாட்டிய ஆசிரியைக்குத் தரும் அதே ஊதியத்தையும் அதே நாற்காலியையும் அவருக்கும் தரவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'காலனி' என்று ஊர் சொல்லும் தெருக்களிலிருந்து வரும் தோழியர் கையில் மட்டும் பறையைக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் கோலாட்டத்துக்குப் போவதானால் இந்த நிகழ்ச்சியே வேண்டாம். அது பழைய வழக்கத்துக்கு மேடை போட்டுக் கொடுப்பதாகிவிடும். சீட்டுக் குலுக்கி எடுங்கள். யார் பெயர் வருகிறதோ அவர் வாசிக்கட்டும். பெற்றோர் சிலர் மறுப்புடன் வரக்கூடும். அப்போது தாயரே, தயவுசெய்து பெயரை மாற்றிவிடாதீர்கள். அவர்களை உட்காரவைத்து, நெல்லரிகிணையைப் பற்றிச் சொல்லுங்கள்.

வாசிக்குமுன் தோலைத் தீயில் காய்ச்ச வேண்டுமாதலால் மைதானத்தின் ஓரத்தில் சிறிது இடம் தேவைப்படும். வைக்கோலுக்கு இப்பக்கம் பஞ்சமில்லை. அறுப்பு முடிந்ததும் நாங்களே கொண்டுவருகிறோம்.