பூச்சியம் என்று காட்டிய ஊர்

சென்ற மாதம் ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். கொழும்பில், இணையத்தளம் அமைத்துக் கொடுக்கும் நிறுவனமொன்றில் வேலை. அரநாயக்கவில் புதிதாகத் திறக்கப்பட்ட சுற்றுலா விடுதி ஒன்றின் தளத்துக்கு வலைப்பதிவு ஒன்றைச் சேர்க்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மாதம் இருபது கட்டுரைகள், ஒவ்வொன்றும் எண்ணூறு சொற்கள். விடுதியின் பெயரும் "அரநாயக்க" என்ற சொல்லும் முதல் பந்தியில் ஒரு முறை, இடைத்தலைப்பில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை கட்டாயம் வர வேண்டும். தேடுபொறியில் முதற்பக்கத்தில் விடுதி தோன்ற வேண்டும் என்பதே நோக்கம். தமிழில் எழுத ஆள் இல்லை. முதுமையில் ஓய்ந்திருக்கும் பத்திரிகையாளன் சல்லிசாகக் கிடைப்பான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

யார் வாசிப்பார்கள் என்று கேட்டேன். "வாசிக்கிறதுக்கு இல்ல சேர், கூகுளுக்கு" என்றார். அவர் அதை ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

எழுத வேண்டிய சொற்களின் பட்டியலைக் காட்டினார். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அதை மாதத்துக்கு எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற எண் இருந்தது. அசுபினி எல்ல நீர்வீழ்ச்சிக்கு ஓர் எண், மலையேற்றத்துக்கு ஓர் எண், தேனிலவுக்கு ஓர் எண். "தம்பி, உங்கள் தோட்டத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள்" என்றேன். போட்டார். பூச்சியம் என்று காட்டியது. "அத யாரும் தேடுறதில்ல சேர்" என்றார். அவருடைய தாயும் தகப்பனும் இன்றும் அந்தத் தோட்டத்து லயனில்தான் வாழ்கிறார்கள்.

அந்தப் பூச்சியத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தன்னைப் பிறர் கண்டுகொள்ள வேண்டும் என்று ஒரு விடுதிக்காரர் விரும்புவதில் குற்றம் எதுவும் இல்லை. கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுவதைப் போன்றதுதான் அது. தளத்தோடு ஒரு வலைப்பதிவை அமைத்து அடிக்கடி எழுதி வந்தால் தேடுபொறி அத்தளத்தைக் கவனிக்கும் என்பதும் பொய் அல்ல. பக்கங்கள் கூடக்கூட, அவை விடை சொல்லக்கூடிய கேள்விகளும் கூடும். பிறர் இணைப்புக் கொடுப்பதற்கும் ஏதேனும் இருக்கும். கூகுள் 1998 இல் தொடங்கியபோது அதன் தனிச்சிறப்பு இதுதான்: ஒரு பக்கத்துக்குப் பிறர் தரும் இணைப்பை, அப்பக்கத்துக்கு அவர்கள் அளித்த வாக்காக அது எண்ணியது.

வாக்கு என்று வந்துவிட்டால் கள்ள வாக்கும் வந்துவிடும். நம் நாட்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறருடைய பதிவுகளின் பின்னூட்டப் பகுதிகளில் இணைப்புகளைக் கொட்டினார்கள்; அதைத் தடுக்க 2005 சனவரியில் கூகுளும் யாகூவும் எம்எஸ்என்னும் சேர்ந்து, எண்ணிக்கையில் சேராத இணைப்புக் குறியீடு ஒன்றைக் கொண்டுவந்தன. பக்கத்தின் தலைப்பகுதியில் எவர் கண்ணுக்கும் படாமல் குறிச்சொற்களை அடுக்கினார்கள். தரவரிசைக்கு அதைத் தான் பார்ப்பதே இல்லை என்று 2009 இல் கூகுள் அறிவித்தது. பயனற்ற கட்டுரைகளை ஆலைபோல் உற்பத்தி செய்தார்கள். 2011 பெப்ரவரியில் பாண்டா என்ற மாற்றத்தால் அத்தகைய தளங்கள் சரிந்தன. அடுத்த ஆண்டு, விலைக்கு வாங்கிய இணைப்புகள் மீது பென்குயின் பாய்ந்தது. தரவரிசையை ஏமாற்றும் நோக்கில் மொத்தமாகக் குவிக்கப்படும் பக்கங்கள், அவற்றை மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், குப்பையாகவே கருதப்படும் என்று 2024 மார்ச்சில் விதி செய்தார்கள்.

ஆகவே, அந்த இளைஞரின் முதலாளி இருபது கட்டுரைகளுக்குக் கூலி கொடுத்து வாங்க நினைப்பது, பதினைந்து ஆண்டுகளாகத் தண்டிக்கப்பட்டு வரும் ஒரு பழைய தந்திரத்தை. ஆங்கிலத்தில் இனி செல்லாத சரக்கைத் தமிழில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். தமிழில் காவல் குறைவு, ஏமாற்றுவது எளிது என்ற கணக்கு அது. அந்தக் கணக்கு ஓரளவு சரியாக இருப்பதுதான் என்னை வருத்துகிறது.

ஏன் சரியாக இருக்கிறது? இங்கே என் சொந்தத் தொழிலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

இலங்கைத் தமிழ் ஏடுகள் இணையத்துக்கு வந்த காலத்தில் எங்களிடம் இருந்தது பாமினி எழுத்துரு. அச்சுக்கு அது அருமையானது. ஆனால் அதில் தட்டெழுதிய "அரநாயக்க" என்ற சொல் கணினியின் நினைவில் தமிழாக இருப்பதில்லை. சில ஆங்கில எழுத்துகளாகவும், புள்ளி வைத்த மெய்க்கு ஓர் அரைப்புள்ளியாகவும் கிடக்கும். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் கண்ணுக்குத் தமிழ். தேடுபொறிக்கு வெறும் உளறல். ஒருங்குறியில் தமிழுக்கு 1991 இலேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்க 2010 ஆயிற்று. நாங்களும் அவசரப்படவில்லை. ஒருங்குறிக்கு மாறிய பின்னரும் பழைய பக்கங்களை மாற்றாமலே விட்டோம். தளத்தைப் புதுப்பித்த ஒவ்வொரு முறையும் முகவரிகளை மாற்றிப் பழைய செய்திகளைத் தொலைத்தோம். முழுப் பக்கத்தையும் படமாக்கிப் போட்டுவிட்டு அதற்கு மின்னிதழ் என்று பெயரிட்டோம். நான் பணியாற்றிய ஏடும் இதைச் செய்தது. ஆசிரியர் குழுவில் அமர்ந்து அதற்குத் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

விளைவு என்ன? 2016 மே 17 ஆம் திகதி மாலை, நாட்கணக்கில் பெய்த மழைக்குப் பின், அரநாயக்கவில் சாமசர மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து வந்து, கீழே இருந்த கிராமங்களை மூடியது. மாண்டோரும் காணாமற் போனோருமாக நூற்றுக்கும் அதிகமானோர். பலரின் உடல்கள் இன்றுவரை மண்ணுக்குள்தான். அதே நாளில், அதே மாவட்டத்தின் புலத்கொஹுபிட்டியவில் தோட்டக் குடியிருப்புகள் மீதும் மண் சரிந்தது. அந்த நாட்களில் நான் எழுதிய செய்திகளை இந்த இளைஞர் வந்து போன இரவு தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட அகப்படவில்லை. அலமாரியில், மஞ்சளடித்த கத்தரிப்புகளாக மட்டும் இருக்கின்றன. அரநாயக்கவைத் தமிழில் தேடும் ஒருவருக்கு நாளை தேனிலவு விடுதியின் இருபது கட்டுரைகள் கிடைக்கும். அந்த மலை ஏன் சரிந்தது என்பது கிடைக்காது. வெற்றிடத்தை விட்டது நாங்கள். அதை நிரப்ப வருபவர்களை மட்டும் எப்படித் திட்டுவது?

இதில் பெயர்ச் சிக்கலும் இருக்கிறது. அரநாயக்க, அரநாயக்கா, அரணாயக்க என்று ஒரே ஊரைத் தமிழில் பலவாறாக எழுதுகிறோம். ஏட்டுக்கு ஏடு வேறு, ஒரே ஏட்டில் பக்கத்துக்குப் பக்கம் வேறு. தோட்டங்களின் நிலை இதைவிட மோசம். கம்பனிப் பதிவேட்டில் தோட்டத்துக்கு ஓர் ஆங்கிலப் பெயர். சுற்றுக் கிராமத்தார் வாயில் ஒரு சிங்களப் பெயர். கொழுந்து பறித்தவர்களும் பால் வெட்டியவர்களும் தலைமுறைகளாக வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்று. இந்த மூன்றாவது பெயர் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவே இல்லை. எழுதப்படாத பெயரை எந்தத் தேடுபொறியும் அறியாது.

யார் தேடப் போகிறார்கள் என்று கேட்கலாம். 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அப்படிக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நீலகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். பாட்டி சொன்ன தோட்டத்துப் பெயர் ஒன்றே அவர்கள் கையில் இருக்கும் முகவரி. அது அந்த மூன்றாவது பெயர். மாதத்துக்குப் பத்துப் பேர்கூடத் தேடாத சொல்லைக் கருவி பூச்சியம் என்று காட்டுகிறது. தேடுகிறவர் ஒருவராக இருந்தாலும் அவர் இருக்கிறார். கடை வைப்பவனுக்கு அந்த ஒருவர் தேவையில்லாமல் இருக்கலாம். எழுதுகிறவனுக்கு அவர் தேவை.

சப்ரகமுவவின் தோட்ட மக்களுக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். நுவரெலியாவில் இருப்பதுபோல் அவர்கள் ஓரிடத்தில் திரண்டு வாழவில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே, இறப்பர்க் காடுகளுக்கும் தேயிலை மலைகளுக்கும் இடையில் சிறு சிறு கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கிறார்கள். தேர்தலில் அவர்களின் எண்ணிக்கை எடுபடுவதில்லை. பத்திரிகை விற்பனையிலும் எடுபடுவதில்லை. ஆகவே நிருபரும் அரிதாகவே போவார். இப்போது தேடல் எண்ணிக்கையிலும் எடுபடவில்லை என்று புதிதாக ஒரு கருவி வந்து சொல்கிறது. எல்லாக் கணக்கிலும் பூச்சியமாகிவிட்ட மக்கள், மழைக்காலத்தில் மட்டும் மரணக் கணக்கில் எண்ணாகிறார்கள்.

நான் மிகைப்படுத்தவில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது என்பது பின்னர் செய்தியாயிற்று. எச்சரிக்கை இருந்தது, அங்கே குடியிருந்தவர்களைக் காப்பாற்றும் வகையில் அது அவர்களிடம் போய்ச் சேரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோதும், கையில் தொலைபேசியோடு இருட்டில் நின்றவர்கள் தேடியது தங்கள் பிரிவின் பெயரை, தங்கள் பாதையின் பெயரை, "மண்சரிவு" என்ற சொல்லை. அந்த நேரத்தில் தமிழில் முதலில் வரும் பக்கம் எது என்பது அழகியல் விவாதம் அல்ல.

இதற்கு மேல் புதிதாக ஒரு வினை சேர்ந்திருக்கிறது. 2024 இலிருந்து கூகுள், பல கேள்விகளுக்குப் பக்கங்களைக் காட்டுமுன், அவற்றைப் பிழிந்த தொகுப்பு விடை ஒன்றைத் தானே தரத் தொடங்கிவிட்டது. பிழிவதற்கு அதற்கு என்ன கிடைக்கிறதோ அதுவே விடையாகும். அரநாயக்க பற்றித் தமிழில் இருப்பது விடுதி விளம்பரம் மட்டுமே என்றால், அரநாயக்க என்பது ஒரு விடுதி என்றே அது நாளை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்.

"அப்ப நான் என்ன செய்ய சேர்? வேலை போயிரும்" என்றார் அந்த இளைஞர். நியாயமான கேள்வி. வயிற்றைக் கேலி செய்யும் உபதேசத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அவருக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன்.

வலைப்பதிவை அமையுங்கள். இருபது கட்டுரைகள் வேண்டாம். நான்கு போதும் என்று முதலாளியிடம் வாதாடுங்கள். ஒன்றில், மாவனல்லையிலிருந்து வரும் பாதையை எழுதுங்கள்: எந்த வளைவில் மழைக்காலத்தில் மண் விழுகிறது, கடைசி பஸ் எப்போது என்பதோடு. ஒன்றில் நீர்வீழ்ச்சியை எழுதுங்கள். எந்த மாதத்தில் எந்தப் பாறையில் ஏறக்கூடாது என்பதோடு. ஒன்றில் 2016 ஐ எழுதுங்கள். விருந்தாளி பயந்துவிடுவார் என்பார் முதலாளி. பயப்பட மாட்டார், உண்மையைச் சொன்ன விடுதியை நம்புவார். நான்காவதில் சுற்றுவட்டத் தோட்டங்களின் பெயர்களை, மூன்று மொழிப் பெயர்களோடு, பிரிவு வாரியாக எழுதுங்கள். ஊர்ப் பெயரின் வேறு எழுத்து வடிவங்களை ஒரு வாக்கியத்தில் இயல்பாகக் குறிப்பிடுங்கள். பத்து முறை திணிக்காதீர்கள். தலைப்பு, உள்ளே இருப்பதைச் சொல்லட்டும். எழுத்தைப் படமாக்காதீர்கள். எழுதியவர் பெயரும் திகதியும் இருக்கட்டும். ஒருமுறை கொடுத்த முகவரியை மாற்றாதீர்கள்.

இவை அறிவுரைகள் மட்டுமல்ல. தேடுபொறிகள் தாங்களே வெளியிடும் வழிகாட்டுதல்களும் இவற்றைத்தான் கேட்கின்றன: நேரடி அனுபவம், தெளிவான தலைப்பு, நிலையான முகவரி, மனிதருக்காக எழுதிய எழுத்து. அதிலும் தமிழில், ஒரு தோட்டத்தின் பெயரைத் தேடுகிறவருக்கு விடை சொல்லும் பக்கமே இல்லாதபோது, நேர்மையாக எழுதப்படும் முதற்பக்கம் முதலிடத்துக்கு யாருடனும் போட்டியிட வேண்டியதில்லை. ஏமாற்றுவதற்கு ஆகும் செலவைவிட இது மலிவு. முதலாளிக்கு அறம் புரியாவிட்டாலும் இந்தக் கணக்கு புரியும்.

அவர் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். முதலாளி என்ன சொன்னார் என்று இன்னும் தகவல் இல்லை. ஆனால் நான்கு நாட்களுக்குப் பின் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். தாயாரிடம் கேட்டாராம், தோட்டத்தின் மேற்பிரிவுக்கு இதுவரை தான் கேள்விப்படாத ஒரு பெயரை அவர் சொன்னாராம். அந்தப் பெயரை எழுதி, "இது சரியான எழுத்தா சேர்?" என்று கேட்டிருந்தார்.

சரியான எழுத்து எதுவென்று தீர்மானிக்க அவருடைய தாயாரைவிட நான் பெரியவன் அல்லன். நீங்கள் சொன்னபடியே எழுதுங்கள், எழுதினால்தான் அது எழுத்தாகும் என்று பதில் அனுப்பினேன்.

என் பங்குக்கு, 2016 மே மாதக் கத்தரிப்புகளை ஒருங்குறியில் மீண்டும் தட்டெழுதத் தொடங்கியிருக்கிறேன். ஐந்து முடிந்திருக்கின்றன. கண் ஒத்துழைத்தால் மழைக்கு முன் மிச்சத்தையும் முடித்துவிடுவேன். ஓய்வுபெற்ற சகபாடிகளே, உங்கள் அலமாரிகளிலும் இத்தகைய கத்தரிப்புகள் இருக்கும் என்பதை நான் அறிவேன். பாமினியில் அடித்துவிட்டுப் போன பாவத்துக்கு இதைவிட எளிய பிராயச்சித்தம் எனக்குத் தெரியவில்லை.