சிக்கனம் விதியா, விளைவா?
பாக்டீரியாவின் மரபணுத்தொகுதியில், அதாவது அதன் முழு மரபுத்தகவலில், வீண்சுமைக்கு இடமே இல்லை என்றும், அது விராலிமலையில் திரியும் மயில் போன்ற உயர் உயிர்களுக்கே உரியது என்றும் வாதிடுவோர், தமிழ்நாட்டின் பெயரையே தாங்கிய சான்றைக் காணத் தவறுகின்றனர். தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்டு ‘டி.என்.’ எனப் பெயரிடப்பட்ட தொழுநோய்க் கிருமியின் மரபணுத்தொகுதியை ஸ்டூவர்ட் கோல் குழுவினர் 2001இல் வெளியிட்டனர். வளைய வடிவிலான அதன் ஒரே குரோமோசோமில் ஏறத்தாழ 32.7 லட்சம் கார இணைகள் (மரபுத்தகவலின் ‘எழுத்துகள்’) இருந்தும், செயல்படும் மரபணுக்கள் அதில் பாதியளவைக்கூட நிரப்பவில்லை; பழுதுபட்டுப் புரதம் உருவாக்கும் திறனை இழந்த ‘போலி மரபணுக்கள்’ மட்டும் 1,100க்கு மேல்! உறவுக் கிருமியான காசநோய்க் கிருமியிலோ 44 லட்சம் இணைகளும் சுமார் 4,000 மரபணுக்களும் உள்ளன. மனித உயிரணுவுக்குள் வாழப் பழகிய தொழுநோய்க் கிருமிக்குப் பல மரபணுக்கள் தேவையற்றுப்போனதால், அவற்றில் நேர்ந்த பிழைகளை இயற்கைத் தேர்வு களையவில்லை; குரோமோசோமில் ஆங்காங்கே மீண்டும் மீண்டும் வரும் தொடர்களுக்கிடையே நிகழ்ந்த மறுஇணைவோ துண்டுகளை இடம்மாற்றியும் நீக்கியும் விட்டது. பெரும்பாலான பாக்டீரியாக்கள் சிக்கனமானவை என்பது மெய்தான். ஆயினும் அச்சிக்கனம் இழப்புக்கும் தேர்வுக்கும் இடையிலான இழுபறியின் விளைவேயன்றி, வகுக்கப்பட்ட விதியன்று. தொழுநோய்க் கிருமியைச் செயற்கை ஊடகத்தில் வளர்க்க இயலாமைக்கும் அதன் மரபணு இழப்பே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது.