ஊட்டிக்குப் போய் வந்த பொறாமை

மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்தவர்களின் வீட்டுக்கு ஒரு வாரத்துக்குப் போகாதீர்கள். போக நேர்ந்தாலும், கொல்லைப்புறத்துச் செடிகளைப் பற்றித் தப்பித் தவறியும் விசாரித்துவிடாதீர்கள். நேற்றுவரை செல்லமாக வளர்த்த செம்பருத்தி இன்று அந்த வீட்டு அம்மாளின் கண்ணுக்கு வெறும் மாவுப்பூச்சி பிடித்த குச்சி!

சென்னையில் எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். மாமா காலமான பிறகு அவருக்குக் காலைப் பொழுது போவது கொல்லையில்தான். நாலு மல்லிகைச் செடி, ஒரு பவழமல்லி, கனகாம்பரம், கறிவேப்பிலை. போன வருஷம் பிள்ளையும் நாட்டுப்பெண்ணும் ஊட்டிக்கு அழைத்துப் போனார்கள். மாமி திரும்பி வரும்போது பையில் டேலியாக் கிழங்குகள்! அக்கினி நட்சத்திரத்தில் தொட்டியில் வைத்து, வாடுமே என்று வேளைக்கு ஒரு குடம் ஊற்றினார். பத்தே நாளில் கிழங்கு அழுகிப் போயிற்று.

கிழங்கு போனால் போகட்டும். மாமி அப்புறம் கொல்லைக் கதவைத் திறக்கவே இல்லை என்பதுதான் சங்கடம். "அதைப் பார்த்த கண்ணாலே இதைப் பார்க்கப் பிடிக்கலைடா" என்றார். மல்லிகைக்குத் தண்ணீர் நின்று போயிற்று.

மாமியின் பேரில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊட்டி கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் இங்கே 40 டிகிரியில் விசிறியும் கையுமாகத் தவிக்கும்போது அங்கே சால்வை போர்த்திக்கொண்டு பூப் பார்க்கிறார்கள். டேலியாவும் அந்தக் குளிர்ச்சிக்குப் பழகியதுதானே?

இன்னொன்றும் கவனியுங்கள். கண்காட்சியில் அடுக்கடுக்காக நிற்பவை தொட்டிச் செடிகள். பல மாதங்களுக்கு முன்பே விதைத்து, எத்தனையோ தோட்டக்காரர்கள் கண்ணும் கருத்துமாக வளர்த்து, சமயம் பார்த்துக் கொண்டுவந்து வைத்தவை. கல்யாணப் பெண்ணின் அலங்காரத்தைப் பார்த்துவிட்டு வந்து, அடுப்படியில் நிற்கும் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டால் எப்படி இருக்கும்?

அந்தப் பூங்காவின் பூர்வ கதையைக் கேட்டால் மாமிக்குக் கொஞ்சம் மனம் ஆறும். 1845-ல் அங்கே குடியிருந்த வெள்ளைக்காரர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் ஆரம்பித்தார்கள். மலிவாகக் கறிகாய் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். அது உருப்படவில்லை! பிறகுதான் பொதுப் பூங்கா யோசனை எழுந்தது. 1848-ல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து மக்ஐவர் என்பவர் வந்து சேர்ந்தார். மேலே காடு, கீழே சதுப்பு நிலம். அதைத் திருத்தி ஒழுங்குக்குக் கொண்டுவர அவருக்குச் சுமார் பத்து வருஷம் பிடித்தது. இன்று அது 55 ஏக்கர் பூங்கா. 2023-ல் நடந்தது 125-வது மலர்க் கண்காட்சி. மாமியின் கொல்லையோ ஒன்றரை சென்ட். ஆள் ஒரே ஒருவர்.

அங்கிருந்து கிழங்கைக் கொண்டுவருவதைவிட, வேலையைக் கொண்டுவரலாம். வாடிய பூவை உடனுக்குடன் கிள்ளிவிடுகிறார்கள், பாருங்கள், அது நம் ரோஜாவுக்கும் நல்லது. நிறம்தான் வேண்டுமென்றால் ஜீனியா, கோழிக்கொண்டை, துலுக்கச் சாமந்தி எல்லாம் சமவெளியில் தாராளமாக வரும்.

மாமியிடம் இதையெல்லாம் சொன்னேன். சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை. அதனால் மல்லிகைப் பேச்சை எடுத்தேன். நவம்பர் கடைசியில் கவாத்து செய்த செடி மார்ச் மாதத்தில் அரும்பு விட ஆரம்பிக்கும். மே மாதம் அதற்கு நல்ல பூக்காலம். அதாவது, மாமி ஊட்டியில் டேலியாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட அதே நாட்களில், இங்கே அவருடைய நாலு செடியும் பறிப்பாரில்லாமல் பூத்துக் கொட்டியிருக்கின்றன. ஊட்டிக் குளிரோ மல்லிகைக்கு ஒத்துக்கொள்ளாது. அங்கே கடைவீதியில் முழம் போட்டு விற்கும் மல்லிகை, சமவெளியிலிருந்து மலையேறிப் போனது.

"நிஜமாவா?" என்றார் மாமி. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. நான்தான் தட்டித் திறந்தேன்.