காய்ச்சல் போச்சு, அசதி போகலை: உடம்பே உடம்பை எதிர்க்கிறதா? ஆய்வுகள் சொல்வது என்ன?

தென்காசி மாவட்டம் வீரகேரளம்புதூர் வட்டாரத்துக்குக் காய்ச்சல் புதுசல்ல. 2006-ல் சிக்குன்குனியா நாடு முழுக்கச் சுமார் 14 லட்சம் பேரைப் படுக்க வைத்தது. 2012-ல், தென்காசி இன்னும் திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்தபோது, டெங்கு வாட்டியது. அப்புறம் கொரோனா. காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். ஆனால் சிலருக்கு அசதி மட்டும் மாதக்கணக்கில் போவதில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்ணுக்கு, உட்கார முடியாத நாள் கூலி இல்லாத நாள்.

ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் சோர்வு, தூங்கி எழுந்தாலும் தெளியாத உடம்பு, மறதி அல்லது எழுந்து நின்றால் தலைசுற்றல்... இவற்றோடு, இன்று துணி துவைத்தால் நாளை எழுந்திருக்கவே முடியாத நிலையும் சேர்ந்தால் அதை நாள்பட்ட சோர்வு நோய் என்கிறார்கள். சும்மா களைப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே அந்தக் கடைசி அறிகுறிதான்.

ஆட்டோஆன்டிபாடி என்றால் என்ன?

கிருமியைப் பிடிக்க உடம்பு தயாரிக்கும் புரதம்தான் ஆன்டிபாடி. அது ஆள் மாறி நம் சொந்த உறுப்பையே தாக்கினால் ஆட்டோஆன்டிபாடி. இது கற்பனை இல்லை. தைராய்டு சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோயிலும், தசையைச் சோர வைக்கும் மயஸ்தீனியா கிராவிஸிலும் இது நிரூபணமான விஷயம்.

நாள்பட்ட சோர்வில்தான் சிக்கல். 2016-ல் பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனைக் குழு, நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரிடம் இதயத் துடிப்பையும் ரத்த ஓட்டத்தையும் கட்டுப்படுத்தும் நரம்பு ஏற்பிகளுக்கு எதிரான ஆன்டிபாடிகள் அதிகம் இருப்பதாகச் சொன்னது. அப்படியானால் மற்றவர்களுக்கு? அங்கேதான் கேள்வி நிற்கிறது.

இதன் உறவுக்கார நோயான ஃபைப்ரோமயால்ஜியாவில் 2021-ல் வந்த சோதனை இன்னும் வலுவானது. நோயாளிகளின் ஆன்டிபாடியை எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகளுக்கு வலி கூடியது, பிடிமானம் குறைந்தது. ஆன்டிபாடி உடம்பை விட்டு நீங்கியதும் எலிகள் தேறின. "எல்லாம் மனசுலதான்" என்று நோயாளியை அனுப்பி வைப்பவர்களுக்கு இது நல்ல பதில்.

மருந்து இருக்கிறதா?

நார்வேயின் பெர்கனில் 2011-ல் 30 பேரிடம் ரிடுக்சிமாப் மருந்தைச் சோதித்துப் பார்த்தபோது பலன் தெரிந்தது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. 2019-ல் 151 பேரிடம் செய்த பெரிய சோதனையில் போலி மருந்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. ஆன்டிபாடி உருவாக்கும் செல்களை இன்னும் ஆழமாகக் குறிவைக்கும் டாராடுமுமாப் மருந்தை, அதே நார்வே குழு 10 பெண்களிடம் சோதித்தது. ஆறு பேர் தெளிவாகத் தேறியதாக 2025-ல் அறிவித்தார்கள். ஆனால் அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. முதல் அனுபவத்துக்குப் பிறகு அவசரப்படாமல் இருப்பதே நல்லது.

நம்ம ஊரில் என்ன செய்வது?

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசிய குடும்ப நல ஆய்வு. எனவே ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, காசநோய் இவற்றை முதலில் பார்க்க வேண்டும். இவை பெரும்பாலும் அரசு மருத்துவமனையிலேயே முடியும். அதே சமயம், "ரத்தம் கம்மி, மாத்திரை சாப்பிடு" என்று கதையை முடித்துவிடவும் முடியாது. கோவாவில் சுமார் 2,500 பெண்களிடம் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில் 12 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்கு மேல் சோர்வு இருந்தது. அதற்கும் ஹீமோகுளோபின் அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை. வறுமையும் மனஅழுத்தமும்தான் கூட வந்தன.

காசு கொடுத்து ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கலாமா? இப்போதைக்கு இந்த நோயை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. பொதுவான ஏ.என்.ஏ. டெஸ்ட்டும், குறைந்த அளவில் பார்த்தால், நோயே இல்லாத மூன்றில் ஒருவருக்கு பாசிட்டிவ் காட்டும். மூட்டு வீக்கமோ முகத்தில் தடிப்போ இருந்தால் மட்டும் டாக்டர் சொல்லி எடுப்பதுதான் சரி.

"நல்லா நடங்க, சரியாயிரும்" என்ற அறிவுரையிலும் கவனம் வேண்டும். படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை பிரிட்டன் 2021-ல் தன் வழிகாட்டுதலில் இருந்தே எடுத்துவிட்டது. அதற்குப் பதில் சொல்வது, இருக்கும் சக்திக்குள் வேலையைப் பிரித்துச் செய்வது: துணி ஒரு நாள், தண்ணீர் தூக்குவது இன்னொரு நாள், நடுவில் படுத்து ஓய்வு. அந்த ஓய்வைச் சோம்பேறித்தனம் என்று வீட்டில் யாரும் சொல்லாமல் இருந்தால்தான் இது நடக்கும்.