ஸ்டிக்கரை நம்பி நகையை அடகு வைக்காதீங்க

"அண்ணா, ஐ5 ஆம். கடைக்காரர் நல்ல சாமான் எண்டு சொல்லுறார். எடுக்கட்டா?"

கம்பஸ் பதிவு தொடங்கினா இந்தக் கேள்வி எங்கட வட்ஸ்அப்புக்கு வந்துடும். பேசாலையில இருந்து வரும், முருங்கனில இருந்து வரும், சிலாவத்துறையில இருந்து வரும். கூடவே ஒரு படம்: கீபோர்டுக்குப் பக்கத்தில ஒட்டியிருக்கிற நீல ஸ்டிக்கர். எத்தனையாம் தலைமுறை, எவ்வளவு ரம், என்ன டிஸ்க் எண்டு கேட்டா பதில் இல்லை. காசு மட்டும் ரெடி. அம்மாட காப்பு அதுக்குள்ள அடகுக்குப் போயிருக்கும்.

இந்தக் கட்டுரை அந்த ஸ்டிக்கருக்கு எதிரானது.

முதல்ல என்ட கதை. கடைப் பேர் வேண்டாம். "புத்தம் புதுசு, வொரன்டியும் இருக்கு, படிக்கிற பிள்ளைக்கு இது காணும்" எண்டு சொல்லித் தந்த லப்டொப்பில செலரோன் என்4020 புரொசசர், 4 ஜிபி ரம், 64 ஜிபி இஎம்எம்சி. மூன்றாம் மாதமே அப்டேட் செய்ய இடமில்லை எண்டு விண்டோஸ் சொல்லத் தொடங்கிட்டுது. படத்தை அழித்தேன், பாட்டை அழித்தேன். பிறவுசரையும் வேர்டையும் சூமையும் ஒண்டாத் திறந்தா மெஷின் அப்படியே நிண்டுபோகும். கடைசியில டிஸ்க்கையாவது மாத்துவம் எண்டு திருத்துற தம்பியிட்ட கொண்டு போனன். கழட்டிப் பாத்திட்டுச் சொன்னார்: "மாத்த ஒண்டும் இல்லை அண்ணா. போர்டோட ஒட்டியிருக்கு."

இஎம்எம்சி எண்டது இதுதான். மலிவு போன்களில் வருகிற அதே வகைச் சேமிப்பு, பலகையோடு ஒட்டப்பட்டது. நிறைஞ்சாலும் பழுதானாலும் கழட்டிப் புதுசு போட வழியில்லை. விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரமும் 64 ஜிபி சேமிப்பும் வேணும் எண்டு மைக்ரோசொப்ட் சொல்லுது. அது ஓடத் தொடங்குகிற எல்லை, வேலை செய்யிற எல்லை இல்லை. அந்த எல்லையிலயே நிக்கிற மெஷினை "மாணவர் லப்டொப்" எண்டு விக்கிறாங்க.

சரி, ஐ5 எடுத்தா தப்பலாமா? ஐ5 எண்டது ஒரு மெஷினின் பேர் இல்லை, பரம்பரைப் பேர். வெளிநாட்டு அலுவலகங்கள் கழிச்சு விட்டு, இங்க கப்பலில வருகிற லப்டொப்புகளில் ஐ5-6200யு இருக்கும். 2015இல வந்தது. இரண்டு கோர். 2022இல வந்த ஐ3-1215யுக்கு ஆறு கோர். இந்த "சின்ன" ஐ3, அந்தப் "பெரிய" ஐ5ஐ ஓரத்துக்குத் தள்ளிப்போடும். கோட்டுக்குப் பிறகு வருகிற எண்ணைப் பாருங்க: 6200 எண்டா ஆறாம் தலைமுறை, 8250 எண்டா எட்டு, 1215 எண்டா பன்னிரண்டு. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் முறையாக ஏற்கும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிஞ்சுது. ஆறும் ஏழும் இப்ப மலிவாக வருகுதெண்டா, அங்க வேண்டாமெண்டு விட்டதும் ஒரு காரணம்.

ஏஎம்டிக்காரரும் யோக்கியம் இல்லை. ரைசன் 3 7320யு எண்டா ஏழாயிரம் எண்டு புதுசாகத் தெரியும். 2022இல வந்த சிப்புதான், உள்ளுக்குள்ள இருக்கிற கோர் வடிவமைப்பு 2019இன் சென் 2. எண்ணில மூன்றாவதாக நிக்கிற 2தான் அதைச் சொல்லுது. அதை எந்தக் கடையில சொல்லித் தந்தாங்க?

"பிள்ளை டைப் பண்ணத்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?" எண்டு கேக்கிறவங்களுக்கு ஒரு பதில் இருக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில 200 ரூபாய் அளவில நிண்ட டொலர், மே மாதத்தில 360ஐத் தொட்டது. அதுக்குப் பிறகு எங்கட வீடுகளில லப்டொப் எண்டது ஒருக்கா வாங்குற சாமான். கொழும்பில வசதியான பிள்ளை பிழையாக வாங்கினா அடுத்த வருஷம் வேற எடுக்கும். இங்க பிழையாக வாங்கினா அதோடதான் நாலு வருஷப் பட்டப்படிப்பு. காசு குறைஞ்சவனுக்குத்தான் சரியான தகவல் கூட வேணும். நடக்கிறது தலைகீழ்.

பாடசாலைகளுக்கு லப்டொப் அன்பளிப்புச் செய்யிற புலம்பெயர் உறவுகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான். ரிபன் வெட்டிப் படம் எடுக்கிற பத்து இஎம்எம்சி மெஷினை விட, எஸ்எஸ்டி போட்ட ஐந்து மெஷின் கூட நாள் உழைக்கும். எண்ணிக்கைக்காகக் கொடுக்காதீங்க.

அப்ப எதைத்தான் வாங்குறது? முதல்ல சேமிப்பு. எஸ்எஸ்டி, குறைஞ்சது 256 ஜிபி. கடையில ஒரே கேள்வி கேளுங்க: "இதைக் கழட்டி மாத்தலாமா?" ஓம் எண்டு சொல்லாட்டி எழும்பி வாங்க. சுழலுற ஹாட் டிஸ்க் பெரிசு, ஆனா அதில விண்டோஸ் திறக்கிறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிடும். பிறகு ரம், 8 ஜிபி. அதுக்குப் பிறகுதான் புரொசசர். புதுசு எண்டா ஐ3-1215யு நல்லது. காசு இன்னும் குறைவெண்டா நாலு கோர் என்100 எழுத்து வேலைக்கும் வகுப்புக்கும் தாங்கும். பழசு எண்டா எட்டாம் தலைமுறைக்குக் கீழ போகாதீங்க. ஐ5-8250யுவுக்கு நாலு கோர். பற்றரியையும் சோதியுங்க. கரண்ட் போன நேரம் மெஷினும் போனா அது லப்டொப் இல்லை.

ஏற்கெனவே ஆறாம் தலைமுறை வாங்கிட்டீங்களா? எறியாதீங்க. எஸ்எஸ்டி ஒண்டு போட்டு லினக்ஸ் மின்ட் ஏத்தினா இன்னும் ஓடும்.

கடைசியாக எங்களுக்கே ஒரு குத்து. இதெல்லாம் தெரிஞ்ச பெடியனும் பெட்டையும் மன்னாரில நிறைய இருக்கிறம். கேமிங் மெஷின் பற்றி விடிய விடியக் கதைப்பம். பக்கத்து வீட்டு அம்மா கடைக்குப் போகும்போது கூடப் போகமாட்டம். பிறகு "ஏமாந்துட்டாங்க" எண்டு சிரிப்பம். ஏமாத்தினவரில பாதிப் பிழை எண்டா, பேசாம இருந்த எங்களில மிச்சப் பாதி.

அடுத்தமுறை ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பாதீங்க. மெஷினைத் திறந்து, செட்டிங்ஸில சிஸ்டத்துக்குப் போய், 'எபவுட்' பக்கத்தை எடுத்து அனுப்புங்க. காசு கொடுக்க முதல் அனுப்புங்க. முடிஞ்சா எங்கள்ல ஒராள் உங்களோட கடைக்கு வருவம்.