ஐந்து வடிவங்களுக்குள் அடைக்கப்பட்ட பக்க எண்

ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டு நிறைவேற்றிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்து மின்னூல்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டதால், ஐரோப்பியப் பதிப்பகங்களுக்காகச் சென்னையிலும் புதுச்சேரியிலும் பக்கம் அமைத்துத் தருவோர் இதுவரை பொருட்படுத்தாமல் விட்ட சில கூறுகளுக்கு இப்போது விடை சொல்ல வேண்டியிருக்கிறது. அவற்றுள் ஒன்று விளையாட்டுப் பக்க எண், அதாவது எண்ணின் இடத்தில் படத்தையோ குறியையோ தலைகீழ் வரிசையையோ வைத்துப் படிப்பவரைப் புன்னகைக்கச் செய்யும் வழக்கம். அணுகல்தன்மைச் சோதனைக் கருவியில் தேறாது என்ற அச்சத்தால் இந்த வழக்கத்தையே ஒழித்துவிடலாம் என்று எண்ணுவது எளிது. இவ்விதழ் அதை ஏற்கவில்லை. பக்க எண்ணின் தோற்றம் பற்றிச் சட்டம் எதுவும் கூறவில்லை. உதவிக் கருவிகள் தடையின்றி இயங்க வேண்டும், உள்ளடக்கத்துக்குள் வேண்டிய இடத்துக்குச் செல்ல வழி இருக்க வேண்டும் என்பன போன்றவையே மின்னூல் குறித்து அதன் இணைப்பு விதிப்பவை.

பக்க அமைப்பு மென்பொருளான லாடெக்கின் பயனர்கள் அறிந்த சில்லிபேஜ் தொகுப்பு இங்கே நல்ல சோதனைப் பொருள். பிபிசியில் 1970 செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பான மான்டி பைத்தான் குழுவின் ‘கோமாளி நடை அமைச்சகம்’ என்ற நகைச்சுவைக் காட்சியில் ஜான் கிளீஸ் நடந்து காட்டிய நடையின் நிலைகளை அத்தொகுப்பு பக்க எண்களாக அச்சிடுகிறது. இது இயல்வதற்குக் காரணம், லாடெக்கின் அடித்தளமான டெக் தொடக்கம் முதலே பக்கத்தைக் கணக்கிடும் எண்ணியையும் அது தாளில் காட்டும் உருவத்தையும் தனித்தனியே வைத்திருப்பதுதான். அதன் அடிப்படை வடிவத்தில் பக்க எண்ணியின் மதிப்பு சுழியத்துக்குக் கீழே இருந்தால் அது சிறிய ரோமன் எழுத்துகளாக அச்சாகும் என்பதைப் பழைய பயனர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உள்ளே முழு எண் ஒன்று மாறாமல் ஏறிக்கொண்டிருக்க, வெளியே எந்த உருவத்தை அணிவிப்பது என்பது அமைப்பாளரின் உரிமை.

அந்த உரிமை இலக்கியத்திலும் பயன்பட்டிருக்கிறது. லாரன்ஸ் ஸ்டெர்ன் எழுதிய ‘டிரிஸ்ட்ராம் ஷாண்டி’யின் 1761ஆம் ஆண்டு வெளிவந்த நான்காம் தொகுதியில் ஓர் அதிகாரம் கிழித்தெடுக்கப்பட்டுவிட்டதாகக் கதைசொல்லி கூறுவதற்கு ஒத்திசைவாகப் பக்க எண்ணும் பாய்ந்து செல்கிறது, சக் பலனியுக்கின் ‘சர்வைவர்’ (1999) முதற்பக்கத்தில் பெரிய எண்ணைக் கொண்டு, ஒன்றை நோக்கி இறங்கி முடிகிறது. இவற்றில் எண்ணை வழக்கமான வரிசைக்கு மாற்றினால் நூலின் பொருளே குறைந்துவிடும்.

எனினும் பக்க எண் நூலின் முகவரியும்கூட. மேற்கோள் காட்டுபவரும், சொல்லடைவு தொகுப்பவரும், வகுப்பில் ஒரே பத்தியைப் பலர் திறக்க வேண்டிய ஆசிரியரும் அதை நம்பியே இயங்குகின்றனர். விளையாட்டு எண் தொல்லை தருவது இங்கேதான். லாடெக்கில் சொல்லடைவை வரிசைப்படுத்தும் மேக்இண்டெக்ஸ் நிரல் அரபு எண், சிறிய ரோமன், பெரிய ரோமன், சிறிய ஆங்கில எழுத்து, பெரிய ஆங்கில எழுத்து ஆகிய ஐந்தை மட்டுமே பக்க எண்ணாக ஏற்கும். வேறு எதைக் கொடுத்தாலும் அந்தப் பதிவையே தள்ளிவிடும். குறிச்சொல் இடப்பட்ட பிடிஎஃப் கோப்பில் பக்கத்தின் அடியில் அச்சாகும் எண் உள்ளடக்கமாகவே கருதப்படுவதில்லை. அது பக்க அலங்காரம் எனக் குறிக்கப்பட்டுத் திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள், அதைத் தாண்டிச் சென்றுவிடும். பார்வையற்ற வாசகருக்குக் கிடைப்பது பக்க லேபிள் மட்டுமே, அதாவது ஒவ்வொரு பக்கத்துக்கும் கோப்பின் உள்ளே எழுதிவைக்கப்படும் பெயர். படத்தை லேபிளாக எழுத வழியில்லை. ஆகவே கோமாளி நடை அச்சாகும் பக்கத்துக்கு அமைப்பாளர் தனியே ஒரு சொல்வடிவம் தராவிட்டால், அந்த வாசகருக்கு நகைச்சுவையும் கிடைக்காது, முகவரியும் கிடைக்காது.

இதற்கான தீர்வு கடினமானதன்று. கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குச் சொல்லப்படுவதையும் பிரித்து, இரண்டையும் ஒரே எண்ணியிலிருந்து பெற்றால் போதும். வலைப்பக்க வடிவமைப்புக்கான சிஎஸ்எஸ் தரத்தின் எண்ணி வடிவங்கள் பற்றிய மூன்றாம் நிலை ஆவணம், ஓர் எண்ணி எப்படித் தோன்ற வேண்டும் என்பதோடு எப்படி ஒலிக்க வேண்டும் என்பதையும் தனிப் பண்பாக எழுத இடம் தருகிறது. விளையாட்டு எண் கொண்ட எந்த நூலிலும் சொல்லடைவும் பக்க லேபிளும் சாதாரண எண்ணையே தாங்க வேண்டும், முகத்தில் மட்டும் விளையாட்டு இருக்கலாம் என்பதே இவ்விதழின் நிலைப்பாடு; எண் தாவுவதோ இறங்குவதோ கதையின் பகுதியாக இருந்தால், லேபிளும் அப்படியே தாவவும் இறங்கவும் வேண்டும்.

ஆனால் லேபிள் என்ற சொல்லை எடுத்தவுடன், இவ்விதழ் பல்லாண்டுகளாகச் சுமந்துவரும் குறை முன்னே வந்து நிற்கிறது. பிடிஎஃப் 1.3 இல் அறிமுகமான பக்க லேபிள் ஏற்பாடு தன் எண் வடிவங்களாக மேற்சொன்ன அதே ஐந்தைத்தான் கொண்டிருக்கிறது. 2008இல் அது உலகத் தர நிறுவனத்தின் ஐஎஸ்ஓ 32000 ஆக மாறியபோதும், 2017இல் பிடிஎஃப் 2.0 வெளிவந்தபோதும், 2020இல் அது திருத்தப்பட்டபோதும் ஆறாவது வடிவம் ஒன்று சேரவில்லை. இந்தப் பட்டியலில் ஆங்கில எழுத்து வடிவம் 26 பக்கங்கள் முடிந்தபின் ஒவ்வோர் எழுத்தையும் இரட்டித்தும், 52க்குப் பின் மூன்று முறை எழுதியும் செல்லும் என்று விரிவாக விதிக்கப்பட்டிருக்கிறது. எந்த அச்சகத்திலும் அரிதாகவே பயன்படும் அந்த முறைக்கு இடம் கிடைத்தது. தமிழ் எண்ணுக்கும், தேவநாகரி எண்ணுக்கும், தாய்லாந்து எண்ணுக்கும் கிடைக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல்களைப் புரட்டியவர்களுக்குப் பக்க உச்சியில் நின்ற தமிழ் எண்கள் பழக்கமானவை. 123ஆம் பக்கத்தை ௱௨௰௩ என நூறையும் பத்தையும் தனிக் குறிகளால் எழுதும் பழைய முறையும், ௧௨௩ என இடமதிப்பால் எழுதும் முறையும் தமிழில் உண்டு. அத்தகைய நூலை மறுபதிப்பாக அமைப்பவரும், முன்னுரைப் பக்கங்களுக்கு ரோமன் எண் வேண்டாம் தமிழ் எண்ணே போதும் என்று முடிவெடுப்பவரும் பிடிஎஃப் கோப்பில் என்ன செய்ய வேண்டும்? எண் வடிவத்தைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டு, லேபிளின் முன்னொட்டு என்ற இடத்தில் ஒவ்வொரு பக்கத்தின் எண்ணையும் ஒரு சொல்லைப் போல எழுத வேண்டும். 300 பக்க நூலுக்கு ரோமன் எண் என்றால் ஒரே ஒரு பதிவு. தமிழ் எண் என்றால் 300 பதிவுகள். லாடெக்கின் ஹைப்பர்ரெஃப் தொகுப்பு அதைத் தானாகவே எழுதிவிடும் என்பது ஆறுதல்தான், ஆனால் அங்கே அந்த 300 பதிவுகளும் எண்கள் என்று கோப்புக்குத் தெரியாது. தரத்தின் பார்வையில் ௱௨௰௩ என்பதும் கோமாளி நடைக்கு ஈடாக எழுதப்படும் வேடிக்கைச் சொல்லும் ஒரே நிலையில் இருக்கின்றன. ஒரு மொழி நூற்றாண்டுகளாகப் பக்கம் எண்ணிவந்த எண்களையும், ஒரு நிரலாளர் மகிழ்ச்சிக்காகச் செய்த படத்தையும் வேறுபடுத்தத் தெரியாத தரத்தை அணுகல்தன்மையின் அளவுகோலாக வைத்துக்கொண்டு, பக்கம் அமைப்பவரிடம் ஒழுங்கு கேட்பது நியாயமாகாது.

இது இயலாத கோரிக்கையும் அன்று. மேற்சொன்ன சிஎஸ்எஸ் ஆவணம் இடமதிப்புத் தமிழ் எண்ணைத் தயார் வடிவங்களுள் ஒன்றாகவே தருகிறது. பழைய முறையையும் அதன் கூட்டல் விதியால் அமைத்துக்கொள்ளலாம். இபப் மின்னூலின் பக்கப் பட்டியலில் எந்த எழுத்தையும் பெயராக இடலாம். யூனிகோடு 2005இல் தமிழ்ச் சுழியத்தையும், 2019இல் முந்திரி எனப்படும் 320இல் ஒரு பங்கு முதலான பின்னக் குறிகளையும் ஏற்றுக்கொண்டது. முந்திரிக்குக் குறியெண் கிடைத்த பின்னரும் மூன்றாம் பக்கத்துக்கு வடிவம் கிடைக்காமல் இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

கேட்பவர் இல்லாததே காரணம். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தமிழ்க் குறியாக்கத் தரங்களாக அறிவித்தபோது எழுத்தின் குறியாக்கம் பற்றி நடந்த விவாதத்தில் ஒரு சிறு பங்குகூட, அந்த எழுத்துகள் ஏறி அமரும் பக்கத்தின் அமைப்பு பற்றி அதன்பின் நடக்கவில்லை. உலகத் தர நிறுவனத்தில் இந்தியாவின் உறுப்பு அமைப்பு இந்தியத் தர நிர்ணய அமைவனம். இந்திய மொழிகளின் எண்களை ஐந்து வடிவங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று எழுத வேண்டிய இடம் அதுவே. அணுகல்தன்மையை வகுப்போரும் பக்க எண்ணை மதித்ததாகத் தெரியவில்லை: வலை உள்ளடக்க அணுகல் நெறிகளின் 2.2 வரைவில் அச்சுப் பக்கப் பிரிவுகளுக்குச் செல்ல வழி தர வேண்டும் என்ற நெறி இடம்பெற்றிருந்து, 2023இல் வெளியான இறுதி வடிவில் நீக்கப்பட்டுவிட்டது. பார்வையற்ற மாணவர் ஒருவர் வகுப்பில் மற்றவரோடு சேர்ந்து ஒரு பக்கத்தைத் திறக்கும் உரிமை அவ்வளவு எளிதாகக் கைவிடத்தக்கது என்று அந்தக் குழுவுக்குத் தோன்றியது வேதனைக்குரியது.

அடுத்த பிடிஎஃப் திருத்தத்துக்குமுன், இடமதிப்பு, மரபு ஆகிய இரு தமிழ் எண் முறைகளின் துல்லியமான விதிகளையும் அவை ஒலிக்க வேண்டிய முறையையும் எழுதிய வரைவொன்றை அமைவனத்திடம் அளிக்க விரும்பும் அமைப்பாளர்களும் நிரலாளர்களும் மாதிரிக் கோப்புகளை இவ்விதழுக்கு அனுப்பலாம். விளையாட்டு எண் கொண்ட கோப்புகளும் அவற்றுள் இருப்பது நல்லது, ஏனெனில் முன்னொட்டால் தமிழ் எண்ணுக்கு நேரும் அதே பிழைகளை அவை இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும்.